மாடு குறைந்த வீட்டின் தொட்டி

கறவையில் இருக்கும் கலப்பின மாடு ஒன்று கோடையில் நாளொன்றுக்கு 60 லிட்டரிலிருந்து 100 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். ஒரு லிட்டர் பால் சுரக்க மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் உள்ளே போயாக வேண்டும் என்பது மாடு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு. வெள்ளாட்டுக்கு 4, 5 லிட்டர் போதும். கொசுவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முட்டை பொரிந்து, புழு நான்கு முறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, அதன் முதுகு பிளந்து கொசு வெளியேறிப் பறக்க நம் ஊர் வெக்கையில் 7 முதல் 10 நாள் ஆகும். தொட்டித் தண்ணீர் முழுவதும் அதற்குள் மாட்டின் வயிற்றுக்குப் போய்விட்டால் அங்கே கொசு பிறக்க வழியில்லை. பத்து நாள் தாண்டியும் அதே தண்ணீர் கிடந்தால் பிறக்காமல் இருக்க வழியில்லை. மாட்டுத் தொட்டியில் புழு வைப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் மருந்து, மீன், அபராதம் என்று எங்கெங்கோ போகிறோம். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துவைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

கொங்குப் பக்கம் காங்கயம், தாராபுரம் வட்டாரங்களில் பழைய தோட்டத்து வீடுகளுக்குப் போனால் கட்டுத்தரையை ஒட்டி ஒரு தொட்டி நிற்கும். சில இடங்களில் ஒற்றைக் கல்லைக் குடைந்தது. பெரும்பாலும் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசியது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் 1000 லிட்டர் கொள்ளும். கட்டியபோது அந்த அளவு சரியானது. உழவுக்கு இரண்டு சோடி எருது, பாலுக்கு எருமை இரண்டு மூன்று, ஒரு நாட்டுப் பசு, கிடேரிகள், பட்டி நிறையச் செம்மறி. காலையில் நிரப்பினால் மறுநாள் மாலைக்குள் அடி தெரிந்துவிடும். எருதுகளின் வேலையை டிராக்டர் எடுத்துக்கொண்டது. எருமையும் போய்விட்டது. தமிழ்நாட்டில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.8 லட்சமாக இருந்த எருமைகள் 2019இல் 5.2 லட்சத்துக்கு இறங்கிவிட்டன. மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறான். கட்டுத்தரையில் இப்போது ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு, ஒரு கன்று. தொட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த 1000 லிட்டரை அந்த மாடும் கன்றும் குடித்துத் தீர்க்க இரண்டு வாரம் வேண்டும். கொசுவுக்கு அதில் பாதி போதும்.

தீர்வதற்கும் விடுவதில்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டாரைப் போட்டு டியூபைத் தொட்டிக்குள் விட்டுவிட்டால் வழியும்வரை நிரம்பும். கால் பங்கு குறைந்ததும் மறுபடி நிரப்புகிறார்கள். மாட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் போய்விடக் கூடாது என்ற அக்கறையில் செய்வது அது. ஆனால் மேலே புதுத் தண்ணீர் சேரச் சேர, அடியில் கிடப்பது கிடந்தபடியே இருக்கிறது. மாட்டின் வாயிலிருந்து விழும் எச்சில், தீவனத் துணுக்கு, தவிடு, மேலே நிற்கும் வேம்பின் சருகு எல்லாம் படிந்து ஊறுகின்றன. ஊறியதில் பெருகும் நுண்ணுயிர்களும் பாசித் துகள்களும்தான் புழுவின் உணவு. தளும்ப நிற்கும் தொட்டி கண்ணுக்குச் செழிப்பாக இருக்கும், மனசுக்கும் நிறைவாக இருக்கும். பற்றாக்குறையைப் பார்த்த தலைமுறைக்கு அந்த நிறைவின் அருமை தெரியும் என்பதால் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு அப்படி ஒரு தொட்டியை அருகில் நின்று பார்க்க வேண்டும், தண்ணீர்மேல் நிழல் விழாமல். கியூலக்ஸ் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வாலோரத்துக் குழாயின் நுனி மட்டும் நீர்ப்பரப்பைத் தொட்டிருக்கும். மூச்சு விடுவது அதன் வழியாக. அனாபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் இல்லை, நீர்ப்பரப்பின் அடியில் ஒட்டினாற்போல் படுத்துக் கிடக்கும். வாயருகே உள்ள மயிர்கள் ஓயாமல் அசைந்து தண்ணீரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். கையை நீட்டினால், நிழல் பட்ட கணத்தில், அத்தனையும் உடம்பை முறுக்கி முறுக்கி அடிக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் ஒன்று மேலே வரும், பிறகு இரண்டு, பிறகு எல்லாம். நடுநடுவே காற்புள்ளி போல வளைந்த கூட்டுப்புழுக்கள் தெரியும். அவை எதையும் தின்பதில்லை. இரண்டு மூன்று நாளில் பறக்கப் போகிறவை. மாடு வந்து முகத்தை இறக்கும்போதும் இதேதான் நடக்கிறது. மூக்கு தண்ணீரைத் தொடுவதற்குள் மாட்டின் தலைநிழல் விழுந்து புழுக்கள் இறங்கிவிடுகின்றன. தப்பாதது ஒன்றிரண்டு வாய்க்குள் போனாலும் அதனால் மாட்டுக்குக் கெடுதல் இல்லை. பாசி படர்ந்து வாடை ஏறிய தண்ணீரைத்தான் அது முகர்ந்து பார்த்துவிட்டு விலகும். விலகினால் குடிப்பது குறையும், பால் குறையும், தண்ணீர் இன்னும் சில நாள் கூடுதலாகத் தேங்கும்.

தொட்டியிலிருந்து பறந்த கொசு மாட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தபின் கட்டுத்தரையில் நின்றவர்களுக்குத் தெரியும். மாடு காலை உதைத்துக்கொண்டும் வாலை வீசிக்கொண்டும் தோலைச் சிலிர்த்துக்கொண்டும் நிற்கும், படுத்து அசைபோடாது. வேப்பந்தழையும் வறட்டியும் போட்டுப் புகைமூட்டம் போடுவது அதற்காகத்தான். மாட்டை முடக்கிப் போடும் மூணுநாள் காய்ச்சல் கடிக்கும் பூச்சிகளால் வருவது. 2019இல் ஒடிசாவில் தலைகாட்டி, 2022இல் ராஜஸ்தான், குஜராத் பக்கம் ஏராளமான மாடுகளைக் கொன்ற தோல் கழலை நோயும் அப்படியே. ஏடிஸ் கொசு அந்த வைரஸை மாட்டுக்கு மாடு கடத்தும் என்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது. மனிதருக்கு வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது 1955இல், வேலூரில். அதைப் பரப்பும் கியூலக்ஸ் வகை மாட்டு ரத்தத்தை விரும்பி வருவது. ஆனால் அது பிறப்பது பெரும்பாலும் நெல் வயலில், அதற்குத் தொட்டியைக் குற்றம் சொல்ல முடியாது. டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸுக்கும், சிமெண்டுத் தொட்டித் தெளிநீரைத் தேடி வரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சிக்கும் தொட்டி பதில் சொல்லத்தான் வேண்டும்.

கொசு ஆராய்ச்சியின் வரலாற்றிலும் ஒரு தொட்டி உண்டு. 1883இல் பெங்களூரில் ராணுவ மருத்துவராக இருந்த ரொனால்ட் ராஸ், தம் இருப்பிடத்தில் மட்டும் கொசு மிகுதியாக இருப்பதைக் கண்டு காரணம் தேடினார். ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் நிறையப் புழு. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. மற்ற இடங்களில் நிற்கும் தண்ணீரையும் கவிழ்க்கலாம் என்று அங்கிருந்த ராணுவ அதிகாரியிடம் சொன்னபோது, அது இயற்கையின் ஒழுங்கைக் குலைப்பதாகும், கொசுவும் ஏதோ காரணத்துக்காகப் படைக்கப்பட்டதுதான் என்று அவர் மறுத்துவிட்டாராம். அனாபிலிஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியை ராஸ் செகந்திராபாத்தில் கண்டது பதினான்கு ஆண்டு கழித்து, 1897 ஆகஸ்ட் 20இல். இந்தக் கதையைக் கேட்கும் யாரும் ராஸ் பக்கம்தான் நிற்போம். அவர் கவிழ்த்த தண்ணீரைக் குடிக்க எந்த உயிரும் காத்திருக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டு என்பதே அன்றிலிருந்து கொசு ஒழிப்பின் முதல் கட்டளையாக இருந்துவருகிறது. 1939இல் வந்த மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு உற்பத்தியைத் தடுப்பதற்கென்று பிரிவுகள் உண்டு. பூச்சட்டிக்கும் பழைய டயருக்கும் உரலுக்கும் அந்தக் கட்டளை பொருந்தும். மாட்டுத் தொட்டியருகே வந்ததும் அது தடுமாறுகிறது.

காங்கயம் பக்கத்து ஊரொன்றில், கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த ஓர் இளம்பெண் டார்ச் அடித்துத் தொட்டிக்குள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்கம்மா, ஒரே புழுவா இருக்குதுங்க. பூராத்தையும் எறைச்சு ஊத்திப்போட்டுக் காய விடோணுமுங்க.”

வீட்டுக்கார அம்மாளுக்கு அறுபது வயதுக்குமேல் இருக்கும். “ஊத்தலாங் கண்ணு. மேயப் போன மாடு இன்னங் கொஞ்ச நேரத்துல வந்து நிக்குமே, அதுக்கு எதைக் காட்டறது? கரண்டு ராத்திரிக்குத்தான் வருது.”

“எங்களுக்கு அப்படித்தானுங்கம்மா சொல்லிக் குடுத்திருக்கறாங்க.”

“உன்னையக் கொற சொல்லல சாமி. வாயில்லாச் சீவன், அது கேக்காது. நாமதான் நெனைச்சுப் பாக்கோணும்.”

கடைசியில் அந்தப் பெண் கையில் வைத்திருந்த மருந்தை ஊற்றவா என்று கேட்க, அம்மாள் வேண்டாமென்று தலையசைத்தார். அபேட் என்று ஊரெல்லாம் அறிந்த டெமிஃபாஸ் மருந்து அது. குடிநீர்க் கலன்களில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. அந்த அளவில் அது பாதுகாப்பானது என்பதை நான் ஏற்கிறேன். அளவு தெரிய வேண்டுமானால் தொட்டியின் கொள்ளளவு தெரிய வேண்டும். தொட்டியில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். எந்தத் தோட்டத்துத் தொட்டியிலும் அதைக் குறித்துவைத்தவர் இல்லை. கண் மதிப்பில் ஊற்றப்படும் மருந்தை, மாற்றுத் தண்ணீர் இல்லாத ஓர் உயிர் நாள்தோறும் குடிக்கப் போகிறது என்றால் அந்தத் தலையசைப்பை அறியாமை என்று சொல்ல மாட்டேன். மண்ணெண்ணெயும் கழிவு ஆயிலும் சாக்கடைக்கு ஊற்றியவர்கள் உண்டு. தொட்டிப் பக்கம் அவற்றைக் கொண்டுபோகவே கூடாது.

மருந்து என்று ஒன்று வேண்டுமானால், 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட பாக்டீரியம் இருக்கிறது. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்று பெயர், சுருக்கமாக பி.டி.ஐ. அது உண்டாக்கும் புரதப் படிகங்களைப் புழு தின்றால், காரத்தன்மை கொண்ட புழுவின் குடலில் அவை கரைந்து நஞ்சாகிக் குடல் சுவரை உடைத்துவிடும். மாட்டின் வயிறு அப்படிப்பட்டதல்ல, அதற்கு ஒன்றும் ஆகாது. மீனுக்கும் தவளைக்கும்கூட ஒன்றும் ஆகாது. குறை என்னவென்றால் தின்னாத கூட்டுப்புழுவை அது தொடாது. வெயிலில் வீரியம் இழக்கும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்ப்பரப்பிகள் ஆய்வு மையம் இதில் வேலை செய்திருக்கிறது. உரக்கடையில் தீவன மூட்டைக்குப் பக்கத்திலேயே இது கிடைக்கும்படி செய்தால் தொட்டி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய உதவி. மாட்டுக்காரரிடம் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்பதைவிட, எந்த மருந்து என்று கேட்கும் நிலை வர வேண்டும்.

மீன் விடுவது எல்லோரும் சொல்லும் யோசனை. கம்பூசியா 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தொட்டியில் விட்டால் புழுவைத் தின்னும், மறுக்கவில்லை. மழையில் தொட்டி வழிந்தால் வாய்க்காலுக்கும் குட்டைக்கும் போய், நம் குளத்து மீன்களின் முட்டையையும் தவளைக் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்னும். நம் ஓடைகளிலேயே நெற்றியில் வெள்ளைப் பொட்டு மின்னும் சிறு மீனொன்று நீர்ப்பரப்பை ஒட்டித் திரியும். புழு தின்பதில் கெட்டிக்காரன். அதைப் பிடித்து விடுவது எவ்வளவோ மேல். அப்படியும் தொட்டியைக் கழுவும்போது மீனை அள்ளி வைக்க வேண்டும், சித்திரை வெயிலில் தண்ணீர் கொதித்தால் காப்பாற்ற வேண்டும். அது இன்னொரு வளர்ப்பு உயிராகிவிடுகிறது.

கவனித்துப் பார்த்தால் மீனில்லாத பழைய கல்தொட்டிகள் சிலவற்றில் பாசி இருந்தும் கொசுப்புழு அதிகம் இருக்காது. அடிச் சேற்றில் தட்டானின் இளம்புழு பதுங்கியிருக்கும். மல்லாந்து நீந்தும் நீர்ப்பூச்சி இருக்கும். இரண்டும் கொசுப்புழுவை வேட்டையாடுபவை. வேட்டையாடிகள் இருக்கும் தண்ணீரை மோப்பத்திலேயே அறிந்து முட்டையிடாமல் விலகும் கொசு வகைகளும் உண்டு. அரைகுறையாகக் கழுவி நிரப்பி அப்படியே விட்டுவிட்ட தொட்டி இதற்கு நேர்மாறு. பகை எல்லாம் போய்விட்டது, தண்ணீர் புதுசு, முதலில் வந்து சேர்வது கொசு. ஆகவே கழுவ ஆரம்பித்தால் வாராவாரம் கழுவ வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் கழுவுவதில் பயனில்லை.

கழுவுவது என்றால் தண்ணீரை மாற்றுவதோடு முடிவதில்லை. ஏடிஸ் தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கிறது. தொட்டியை வற்றவிட்டுக் காயவைத்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரியும். தேங்காய் நாரோ தென்னந்துடைப்பமோ கொண்டு சுவரை அழுத்தித் தேய்த்தால்தான் அது போகும். சிமெண்டு உரிந்து சொரசொரப்பான இடங்களில், மூலைகளில், உள்விளிம்பின் அடியில் முட்டையும் பாசியும் அடைந்திருக்கும். குனிந்து, ஒரு கையை விளிம்பில் ஊன்றி, மறு கையால் தேய்க்க வேண்டும். அடியைத் தேய்க்கத் தொட்டிக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். முழங்கால் வலியோடு அறுபது வயதில் இதைச் செய்யும் பெண்கள்தான் இந்த ஊர்களின் கொசு ஒழிப்புப் படை. எந்த அறிக்கையிலும் அவர்கள் கணக்கில் இல்லை. தேய்த்துக் காய்ந்ததும் உட்புறம் சுண்ணாம்பு அடிப்பார்கள். சுண்ணாம்பு பாசியை அண்டவிடாது, சுவரின் துளைகளை அடைக்கும். வெள்ளைச் சுவரில் ஒரே ஒரு புழு நெளிந்தாலும் கண்ணில் படும் என்பது அதன் பெரிய நன்மை.

இந்த வேலையைப் பாதியாகக் குறைக்க ஒரு துளை போதும். தொட்டி கட்டும் கொத்தனார்கள் பெரும்பாலும் அடியில் வடிகால் வைப்பதில்லை. ஆயிரம் லிட்டரைக் குடத்தால் மொண்டு இறைக்க வேண்டியிருப்பதால்தான் கழுவுவது தள்ளிப்போகிறது. தரையை ஒரு பக்கமாகச் சரித்து, தாழ்ந்த மூலையில் இரண்டங்குலக் குழாய் வைத்து, வெளியே மூடி போட்டுவிட்டால் மூடியைத் திருகியதும் சேறோடு வெளியேறிவிடும். அந்தத் தண்ணீரை ஒரு சின்ன வாய்க்காலில் தென்னைக்கோ கோ-4 தீவனப் புல்லுக்கோ திருப்பிவிட வேண்டும். மழை பொய்த்த வருடத்தில் நூற்றுக்கணக்கான லிட்டரைத் தரையில் கொட்டச் சொன்னால் யாருக்கும் கை வராது. அது புல்லாகி மறுபடி மாட்டுக்கே வரும் என்றால் வாரம் ஒருமுறை திறக்கத் தயங்க மாட்டார்கள்.

கவலை ஏற்றம் ஓடிய நாட்களில் இந்தத் தொல்லை இருந்திருக்க வாய்ப்பில்லை. சால் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் கிணற்றடித் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து வாய்க்கால் வழியாகப் பாத்திக்கு ஓடியது. மாடு அதில் வாய்வைத்துக் குடித்தது. பம்புசெட் வந்தபோதும் தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில்தான் பாய்ந்தது. ஆட்கள் குளித்தார்கள், துணி துவைத்தார்கள், மாடும் ஆடும் குடித்தன, மிச்சம் வயலுக்குப் போனது. தொட்டி தண்ணீர் போகும் வழியில் இருந்தது. சொட்டுநீர்ப் பாசனத்தில் கிணற்றிலிருந்து செடியின் வேர்வரை தண்ணீர் மூடிய குழாய்க்குள் போகிறது. தண்ணீரை அது மிச்சம் பிடிக்கிறது, நிலத்தடி நீர் இறங்கிவிட்ட கொங்கில் அதைத் தவிர வேறு வழியும் இல்லை. மாட்டுத் தொட்டி மட்டும் ஒரு கிளைக்குழாயின் முடிவில் போய் நின்றுவிட்டது. உள்ளே வருவது மட்டும் உண்டு, வெளியே போவது இல்லை.

தொட்டியைச் சுற்றியுள்ள தரையையும் விட்டுவிடக் கூடாது. வழிந்த தண்ணீரில் மண் சேறாகி, மாடு மிதித்த குளம்புத் தடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு தடமும் கொசுவுக்குப் போதும். சாணம் கலந்த அந்தச் சேற்றில்தான், கண்ணுக்கே சரியாகத் தெரியாத கியூலிகாய்டஸ் கடிப்பூச்சிகளின் புழுக்களும் வளர்கின்றன. செம்மறிகளைத் தாக்கும் நீலநாக்கு நோயைப் பரப்புபவை அவை. தொட்டியைப் பளிங்குபோல் வைத்துக்கொண்டு இந்தச் சேற்றை விட்டுவைத்தால் பட்டிக்குப் பயனில்லை. தொட்டியைச் சுற்றி நான்கடிக்குச் சரளை கொட்டிக் கெட்டிப்பதும், நிரம்பியதும் தானே நின்றுகொள்ளும் மிதவை வால்வு ஒன்றைப் பொருத்துவதும் செலவு குறைந்த வேலைகள்.

வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலும் பசு உடம்பை உரசிக்கொள்ள ஆவுரிஞ்சு தறியும் 32 அறங்களில் சேர்த்து எண்ணப்பட்ட நாடு இது. யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக் கல்லும் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததை இன்றும் சில இடங்களில் பார்க்கலாம். கட்டியவர் பெயர் கல்லில் இருக்கும். நாள்தோறும் நிரப்பிக் கழுவியவர் பெயர் இருக்காது. தண்ணீர் வைப்பதில் பாதி வேலை கட்டுவது, மறுபாதி அந்தக் கழுவல்.

மாடு குறைந்த வீடுகளில் நான் சொல்லக்கூடியது தொட்டியைச் சுருக்குவதுதான். இடிக்க வேண்டியதில்லை. வடிகால் இருக்கும் பக்கமாக இரண்டடி விட்டுக் குறுக்கே ஒரு கடப்பைக் கல்லை நிறுத்தி, விளிம்புகளைச் சிமெண்டால் பூசினால் 1000 லிட்டர்த் தொட்டிக்குள் 330 லிட்டர்த் தொட்டி ஒன்று கிடைக்கும். ஒரு மாட்டுக்கும் கன்றுக்கும் நான்கைந்து நாளைக்கு அது தாராளம். தீர்ந்ததும் தேய்த்து நிரப்பலாம், மின்சாரம் ஒருநாள் வராவிட்டாலும் மாடு தவிக்காது. மறுபக்கத்தைக் காயவைத்து, மழைநீர் நிற்காமல் தகரம் போட்டு மூடி, தீவனத் தட்டு அடுக்கிக்கொள்ளலாம். அந்த அறுபது வயது அம்மாள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். கல்லைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டாம், பூச்சோடு நிறுத்து என்று கொத்தனாரிடம் அவர் சொல்லிவைத்தார். கிடேரிக் கன்று வளர்ந்து ஈன்றால் பெயர்த்து எடுத்துவிடலாம் அல்லவா.